ஒரு வேளை மாத்திரை

ராமேஸ்வரம் தீவுக்கு மலேரியா பழைய விருந்தாளி. பாம்பனிலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ ஒருவர் இடது விலாவுக்குக் கீழே வயிறு புடைத்து வந்து நின்றால், எண்பதுகளில் இந்தக் கரையில் வேலை பார்த்த எந்த மருத்துவரின் பேனாவும் முதலில் குளோரோகுயின் என்றுதான் எழுதும். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. அதனால்தான் நான் சொல்லவரும் நோய்க்காரர்கள் ராமநாதபுரத்தில் என் கிளினிக்குக்குச் சுற்றுவழியாக வந்து சேர்ந்தார்கள். இரண்டு மூன்று இடங்களில் மலேரியாவுக்குப் பார்த்து, காமாலைக்குப் பச்சிலை குடித்து, சிலர் வயிற்றில் சூடும் போட்டுக்கொண்டு, கடைசியாக வருவார்கள்.

"வவுத்துல கட்டி மாதிரி இருக்குய்யா. ரெண்டு வாய் சோறு உள்ள போனா நெறஞ்சிருது."

இந்த இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். மலேரியாக்காரர் பசியே இல்லை என்பார். இவர் பசிக்கிறது, வயிற்றில் இடமில்லை என்பார். மண்ணீரல் இரைப்பையை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். படுக்கவைத்து வழக்கம்போல் விலாவை ஒட்டிக் கைவைத்தால் ஏமாந்துபோவோம். விளிம்பே தட்டுப்படாது, ஏனென்றால் நம் கையே மண்ணீரலின் மேல்தான் இருக்கும். வலது அடிவயிற்றில் தொடங்கி மெல்ல மேலேறி வரவேண்டும். தொப்புளைத் தாண்டி வந்த மண்ணீரலில், விளிம்பின் நடுவே ஒரு பள்ளம் விரலுக்குப் பிடிபடும். அது பிடிபட்டதும் நான் மலேரியாவை மறந்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொல்வேன்.

அந்த நாளில் இங்கே எண்ணும் இயந்திரம் ஏது? கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை வாயால் உறிஞ்சி, நீர்க்க வைத்து, கட்டம் கீறிய சில்லில் விட்டு, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். வெள்ளையணுவுக்கு ஒரு குழாய், அது இருபது மடங்கு நீர்க்கும். சிவப்பணுவுக்கு வேறொன்று, அது இருநூறு மடங்கு. என்னோடு நெடுங்காலம் இருந்த லேப்காரர் அதிகம் பேசமாட்டார். ஆனால் திரையை விலக்கிக்கொண்டு வந்து, "சார், வெள்ளைப் பிப்பெட்ல எண்ண முடியல, செவப்புப் பிப்பெட்ல போட்டுருக்கேன்" என்றாரானால் விஷயம் முடிந்தது. நமக்கெல்லாம் நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் வரை இருக்கும் வெள்ளையணு, இவர்களுக்கு இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று நிற்கும். ஈ.எஸ்.ஆர் பார்க்க நிறுத்திய குழாயிலேயே அது தெரியும். சிவப்புக்கும் மஞ்சள் தெளிவுக்கும் நடுவே நூலளவு இருக்கவேண்டிய வெளுத்த படலம் கால் அங்குலத்துக்குத் தடித்திருக்கும்.

சாயமிட்ட ஸ்லைடைப் பார்ப்பதில் எனக்குத் தனி ருசி உண்டு. திடீரென்று வரும் ரத்தப் புற்றுநோயில் ஒரே வயதுப் பிஞ்சு அணுக்கள்தான் மொய்த்துக் கிடக்கும். நாள்பட்ட மைலாய்டு வகையான இந்த சி.எம்.எல்-இல் பிஞ்சு, காய், செங்காய், பழம் எல்லாம் கலந்து கிடக்கும். எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கவேண்டிய தலைமுறைகள் அத்தனையும் தெருவுக்கு வந்துவிட்டிருக்கும். நடுநடுவே கருநீலத் துகள் அப்பிய பேசோபில்கள். சாதாரண ரத்தத்தில் தேடித்தான் பிடிக்கவேண்டிய இந்த அணு, இங்கே கேட்காமலே கண்ணில் விழும். மாதாமாதம் அது கூடிக்கொண்டே போனால் நோய் தன் அடுத்த கட்டத்துக்குத் தயாராகிறது என்று அர்த்தம்.

லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வரும் நோய். மேல்நாடுகளில் ஆளுக்கு அறுபது வயதை ஒட்டி வருகிறது. நம் நாட்டில் அப்படியில்லை. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும், வலை இழுக்கும் கையும் கடன் அடைக்கவேண்டிய தலையுமாக இருக்கும் ஆளைத்தான் பிடிக்கிறது.

எனக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்த காலத்தில் இதற்கு இருந்தது மைலெரான் என்ற புசல்ஃபான் மாத்திரை. பிறகு ஹைட்ராக்ஸியூரியா வந்தது. இரண்டுமே எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் எப்படிக் குறைக்கும் என்கிறீர்கள்! சில வாரங்களில் இரண்டு லட்சம் பத்தாயிரமாகும், மண்ணீரல் சுருங்கும், ஆள் நன்றாகச் சாப்பிட்டுத் தேறித் தொழிலுக்குப் போய்விடுவார். இங்கே தொழில் என்றால் கடல்தான். வீட்டார் மீன் கொண்டுவந்து வைத்துக் கும்பிடுவார்கள். எனக்கு அந்த மீன் தொண்டையில் இறங்காது. இந்த நல்ல காலம் மூன்று வருடம், நான்கு வருடம், சிலருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். அப்புறம் ஒருநாள் காய்ச்சலும் எலும்பு வலியுமாக வருவார், ஈறில் ரத்தம் கசியும், ஸ்லைடு முழுக்கப் பிஞ்சு அணுவாக இருக்கும். அதற்கு மேல் வாரக்கணக்குதான், தப்பினால் மாதக்கணக்கு.

தேவிபட்டினத்துப் பக்கம் ஓர் அம்மா. மகனுக்கு இருபத்தாறு வயது, எண்ணிக்கை இறங்கி ஆள் தெளிந்துவிட்டான். பெண் பார்த்துவிட்டு, பேசி முடிக்குமுன் என்னிடம் வந்தார். "தம்பிக்குக் கல்யாணம் முடிக்கலாமாய்யா?" அந்தக் காலத்தில் நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லாமல் மறைப்பதுதான் வழக்கம், பெரிய ஆஸ்பத்திரிகளிலும் அப்படித்தான். நான் மகனையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். பெண் வீட்டுக்குத் தகவல் போனது, சம்பந்தம் நின்றது. அந்த அம்மா அதன்பிறகு என் வாசலை மிதிக்கவில்லை. மகன் மட்டும் கடைசிவரை என்னிடம்தான் வந்தான்.

மஜ்ஜை மாற்று சிகிச்சை வேலூர் சி.எம்.சி-யில் 1986இல் தொடங்கியது. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தவேண்டும். ஒவ்வோர் உடன்பிறப்புக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. பொருந்தினாலும் லட்சங்கள் வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் குறைவில்லை, லட்சங்களுக்குத்தான் குறை. நான் எழுதிக்கொடுத்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலூர்வரை போகவே இல்லை.

இடையில் நாட்டு வைத்தியரிடம் பாஷாணம் சேர்ந்த மருந்து வாங்கித் தின்று, மண்ணீரல் கொஞ்சம் இறங்கியது என்று வந்தவர்களும் உண்டு. சக மருத்துவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் 1865இலேயே ஜெர்மனியில் லிஸ்ஸாவர் என்ற மருத்துவர் பாஷாணக் கரைசல் கொடுத்து இதே நோயின் எண்ணிக்கையை இறக்கியிருக்கிறார். ஐரோப்பிய மருத்துவர்களே பல பத்தாண்டுகள் அதைத்தான் கொடுத்துவந்தார்கள். இறங்கியது ஏறும், உள்ளங்கைத் தோலும் காய்த்துப்போகும் என்பது வேறு விஷயம்.

நோயின் வேர் இதற்குள் அமெரிக்காவில் பிடிபட்டுவிட்டிருந்தது. பிலடெல்பியாவில் நோவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் 1960இல் இந்த நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். குட்டையானதன் மிச்சம் எங்கே போனது என்று 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி சொன்னார். 22ஆம் குரோமோசோமின் வால் ஒடிந்து 9ஆம் குரோமோசோமில் ஒட்டியிருக்கிறது, அதன் துண்டு இதில் வந்து ஒட்டியிருக்கிறது. ஒட்டிய இடத்தில் பி.சி.ஆர் (BCR), ஏ.பி.எல் (ABL) என்ற இரண்டு மரபணுக்கள் தலைமாறிச் சேர்ந்து, உடம்பில் இல்லாத ஒரு புதுப் புரதத்தை உண்டாக்குகின்றன. அந்த ஒரே புரதம்தான் ரத்த அணுவைப் பெருகு, பெருகு என்று ஓயாமல் ஏவுகிறது. பிறந்தபின் மஜ்ஜையின் ஓர் அணுவில் நடக்கும் விபத்து இது. பரம்பரையாக வருவதில்லை, பிள்ளைக்குப் போவதில்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை. இந்த மூன்றையும் நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் தனித்தனியாகச் சொல்லுவேன். தட்டைத் தனியாக வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மிச்சத்தை விசைப்படகு ஓட்டுபவர்களுக்குச் சொல்வது எளிது. "ஆக்சிலேட்டர் கம்பி சிக்கிக்கிட்டா எஞ்சின் என்ன பண்ணும்?" "ரெய்ஸாகிக்கிட்டே இருக்கும்யா." "சிக்கல எடுக்க முடியாது. டீசல் உள்ள போற வாயில ஒரு அடப்பு வச்சா?" "அணைஞ்சிரும்." இமாட்டினிப் என்ற புது மாத்திரை செய்வது அதைத்தான். அந்தப் புரதத்தில் ஆற்றல் வந்து பொருந்தும் குழிக்குள் மாத்திரை போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அடைப்பு நிரந்தரமில்லை. ரத்தத்தில் மருந்தின் அளவு பதினெட்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் தினம் ஒரு வேளை, தவறாமல். மஜ்ஜையின் ஆழத்தில் உறங்கும் சில மூல அணுக்கள் இந்த மருந்துக்கும் மசிவதில்லை, அதனால்தான் வருடக்கணக்கு.

அமெரிக்க மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் 1998இல் முதல் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை முழுதாகச் சீரானது. 2001 ஏப்ரலில் வந்த அந்தக் கட்டுரையை நான் மதுரையில் ஒரு நண்பரின் மேசையில் படித்தேன். 54இல் 53 என்பது அச்சுப்பிழையோ என்று அட்டவணையை மறுபடி பார்த்தேன். மே மாதம் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

மருந்து வந்தது, விலையும் கூடவே வந்தது. நோவார்ட்டிஸ் கம்பெனி கிளீவெக் என்ற பெயரில் விற்ற அந்த மாத்திரை மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். மண்டபத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு குடும்பம் பல வருடம் உட்கார்ந்து சாப்பிடும். கம்பெனியே இலவசமாகத் தரும் திட்டம் 2002இல் தொடங்கியது. அதற்குப் பெரிய மருத்துவமனையில் பதிவு, வருமானச் சான்று, குரோமோசோம் பரிசோதனை எல்லாம் வேண்டியிருந்தது. நிறையப் பேரைக் காப்பாற்றிய திட்டம் என்பதை மறுக்கமாட்டேன். சம்பளச் சீட்டு இல்லாத, பங்குக்குப் போகும் மீனவருக்கு வருமானத்தை நிரூபிப்பதும் ஒரு வேலை என்பதைச் சான்றிதழ் கேட்டவர்களுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஹைதராபாத்தின் நாட்கோ, வீனட் என்ற பெயரில் அதே மருந்தைக் கொண்டுவந்தது. மற்றக் கம்பெனிகளும் வந்தன. மாதச் செலவு எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு இறங்கியது. அதுவும் பெரிய தொகைதான். ஆனால் படகில் ஒரு பங்கை விற்றோ, நகையை அடகு வைத்தோ எட்டிப்பிடிக்கக்கூடிய தொகை.

அப்புறம் கோர்ட். இந்திய மருந்து வழக்குகளில் உலகமே பார்த்த ஒன்று எங்கள் சென்னையில்தான் முளைத்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 2004இல் நோவார்ட்டிஸ் கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் தந்த இடைக்காலத் தடையால் சில உள்ளூர்க் கம்பெனிகளின் மாத்திரை கடையிலிருந்து மறைந்தது. மருந்துக்கடைக்காரர் "வரலை சார்" என்பார், ஏன் வரலை என்று அவருக்கும் தெரியாது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தைத் தள்ளியது. தெரிந்த பொருளையே வேறு படிக வடிவில் கொண்டுவந்தால், அது கூடுதலாகக் குணமாக்குகிறது என்று காட்டாதவரை புதுக் காப்புரிமை இல்லை என்ற சட்டப்பிரிவு 3(டி)தான் காரணம். அந்தப் பிரிவே செல்லாது என்று போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்தியது. பிறகு போட்டியில் விலை சரிந்துகொண்டே வந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இமாட்டினிப் ஏறியது. இன்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மாத்திரைக்குக் காசு கொடுப்பதில்லை, அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்கிறார்கள்.

நான் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கவில்லை, ஆனால் இவ்வளவு மிச்சமிருக்கும் என்றும் நினைக்கவில்லை. சாகிற நோயாக இருந்தவரை எல்லோரும் சொன்னபடி கேட்டார்கள். சாகாத நோயானதும் மாத்திரை மறக்கத் தொடங்கியது. லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்காரர்கள் மாத்திரை டப்பாவின் மூடியில் ஒரு சில்லைப் பொருத்தி, யார் எத்தனை முறை திறக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ விட்டுவிட்டவர்களில் ஒருவருக்குக்கூட நோய் எதிர்பார்த்த ஆழத்துக்கு இறங்கவில்லை. 2010இல் வந்தது அந்த ஆய்வு. எனக்குச் சில்லு தேவைப்படவில்லை, மீன்பிடித் தடைக்காலம் போதும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில். கையில் காசில்லை, மாத்திரை வாங்க மதுரைக்குப் போகும் பஸ் செலவுக்கு யோசனை, மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளைக் கடத்துவது. தடை முடிந்த பின் எடுக்கும் ரத்தத்தில் எண்கள் ஏறி நிற்கும்.

தடையில்லாத நாளிலும் சிக்கல் உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சோறு தின்று, பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். முந்தின நாள் போன படகு மறுநாள் காலைதான் கரையேறும். டீயோடு மாத்திரையைப் போட்டுக் கடலில் வாந்தி எடுத்த ஒருவர், கடலுக்குப் போகும் நாளில் போடுவதில்லை என்று தானே ஒரு சட்டம் செய்துகொண்டார். வாரத்தில் மூன்று நாள் போச்சு. போட்டில் சோறாக்கும் நேரத்தோடு மாத்திரையைச் சேர்த்துவிட்டோம், சமையல் செய்யும் பையனிடம் டப்பா. சரியாகிவிட்டது. கீழக்கரையில் நோன்பு மாதம் எனக்குக் கவலை தராத மாதம். இமாட்டினிப் நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு ஒரே வேளை. நைலோட்டினிப் போன்ற அடுத்த தலைமுறை மருந்துக்கு மாறியவர்களுக்குத்தான் தொல்லை. அது இரண்டு வேளை, அதுவும் வெறும் வயிற்றில்.

இன்னொன்று எந்தப் புத்தகமும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த மருந்து தோலின் நிறமி அணுக்களுக்குத் தேவையான ஒரு புரதத்தையும் கூடவே அடக்குகிறது. வெள்ளைக்காரர் உடம்பில் அது கண்ணுக்குப் படாது. வெயிலில் கருத்த நம் மீனவர் உடம்பில், சில மாதங்களில் முகம் வெளுத்துவிடும், கண்ணைச் சுற்றி நீர் கோத்து உப்பும். "கிரீம் பூசுறியாண்டு கேக்குறாங்கய்யா. தொழிலுக்கே போகாத சம்மாட்டி மாதிரி இருக்கேன்" என்றார் பாம்பன்காரர் ஒருவர். அவர் சிரித்தார். வெண்குஷ்டம் என்று பேச்சுக் கிளம்பி மாத்திரையை நிறுத்திய பெண்ணொருத்தி சிரிக்கவில்லை. இப்போது மருந்து எழுதும் நாளிலேயே வீட்டாரையும் உட்காரவைத்து நிறம் மாறும் என்று சொல்லிவிடுகிறேன்.

எல்லை தாண்டினதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போகும் படகுகளில் என் நோயாளி ஒருவரும் போனார். மனைவி மாத்திரை டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மருந்தின் பெயர், அளவு, ஏன் நிறுத்தக்கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மீனவர் சங்கம் வழியாக அது யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போனது. மாத்திரை அவர் கைக்குச் சேரச் சில வாரம் ஆயிற்று, நடுவில் எத்தனை கை மாறியதோ. திரும்பி வந்தபோது மண்ணீரல் தட்டுப்படவில்லை, ஆனால் பி.சி.ஆர் (PCR) பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. மறுபடி இறக்கினோம். அதிலிருந்து படகில் போகிற என் நோயாளிகள் எல்லோருடைய பையிலும் அந்த ஒரு பக்கக் கடிதம் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது.

இந்த பி.சி.ஆர்தான் இப்போது எங்கள் மண்ணீரல் பார்க்கும் கை. கோளாறான மரபணு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை. மூன்றாம் மாதம் பத்து சதவீதத்துக்குக் கீழே, ஆறாம் மாதம் ஒன்றுக்குக் கீழே, ஒரு வருடத்தில் 0.1க்குக் கீழே வரவேண்டும். ரத்தம் கெடுவதற்குள் லேபுக்குச் சேரவேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஐஸுக்கு மட்டும் இந்த ஊரில் பஞ்சமில்லை. எண் இறங்காவிட்டால், மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாரா என்று முதலில் கேட்பேன். விழுங்கியும் இறங்காவிட்டால்தான் புரதம் உருமாறிவிட்டதா என்று தேடுவது, டாசாட்டினிப், நைலோட்டினிப் என்று மாறுவது.

ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு இளைய மருத்துவர்கள் நிறைய வந்திருக்கிறார்கள். நன்றாகப் பார்க்கிறார்கள். இயந்திரம் அச்சடித்துத் தரும் எண்ணை மட்டும் நம்பாமல் ஸ்லைடை எடுத்துப் பாருங்கள் என்று கிடைக்கிற நேரமெல்லாம் நச்சரிக்கிறேன்.

இப்போது புதிதாக ஒரு கேள்வி வருகிறது. பிரான்சில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வருடத்துக்கு மேல் நோய்த் தடமே தெரியாதவர்களுக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். பத்தில் நாலு பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கும் மாத்திரையை மறுபடி தொடங்கியதும் அடங்கியது. இதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். பல வருடங்களாக அவர் ரத்தத்தில் தடமே இல்லை, தகுதியான ஆள். நிறுத்தலாம் என்றேன். ஆனால் திரும்புகிற நோய் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் திரும்பும். அதுவரை மாதாமாதம் பி.சி.ஆர், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து என் மருந்துச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார், ஒவ்வொரு பரிசோதனைக்கும் சில ஆயிரம், அதோடு போக்குவரத்து.

"மாத்திரை சும்மா கிடைக்குது சார். அதை நிறுத்துறதுக்கு இவ்வளவு காசா?"

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இரவு இட்லிக்குப் பிறகு ஒரு வேளை, 400 மில்லிகிராம், இப்போதும் போட்டுக்கொண்டிருக்கிறார்.